பறக்காத மணிக்கும் காசு

ஆகாய விமானத்தில் இடம் விற்பது, ஆடி மாத ஹட்டனில் வடகம் காயப்போடுவது மாதிரியான தொழில். வெயில் வரும் என்று நம்பி எல்லாவற்றையும் விரித்து வைக்க வேண்டும். மழை வந்துவிட்டால் வீட்டில் உள்ளவர்களுக்கு முகம் கொடுக்க முடியாது.

கோயில் திருவிழாவுக்கு பஸ் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து வசூலிக்கப் போய், கடைசியில் கைக்காசும் போய்ப் பெயரும் கெட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்தச் சங்கத்தில் நானும் ஓர் அங்கத்தவன். நீங்கள் பஸ்ஸைப் பங்கு பிரித்தீர்கள், நான் ஏரோப்பிளேனைப் பங்கு பிரித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே என் வெட்கம் உங்களுடையதை விடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டு ஹட்டன் டவுனில் சங்கிலிமுத்து முதலாளியின் வாடகைக் கார் கடையில் கிளாக்கராகச் சேர்ந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, வாசலில் ஒரு கறுப்புக் கார், அதை ஓட்ட ராமையா. முதலாளி வீட்டு அடுப்பும் ராமையா வீட்டு அடுப்பும் என் சம்பளமும் அந்த ஒரு காரை நம்பித்தான் இருந்தன.

கையெழுத்து

கொழும்பில் ஒரு சிறிய விமானக் கம்பெனி, மலைநாட்டுக்கு ஏஜென்ட் தேவை என்று பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தது. அதைக் கத்தரித்து முதலாளியின் மேசையில் வைத்தவன் நான்தான். பைலட்டைத் தவிர மூன்று பேர் உட்காரக்கூடிய சின்ன பிளேன். மணிக்கு நூற்றிருபது ரூபாய். பெட்ரோல், பைலட் சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதை நாம் என்ன விலைக்கு விற்றாலும் மிச்சம் நமக்கு. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஆறு மாதத்துக்கு, மாதம் பன்னிரண்டு மணி நேரத்தை நாம் எடுத்தே ஆக வேண்டும். விற்காமல் போன மணிகளுக்கும் ஆறாம் மாதக் கடைசியில் காசு கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கார் அவர்களுக்கு. அதற்கு ஈடாகக் காரின் பதிவுப் புத்தகத்தைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும்.

முதலாளிக்கு நான் விளக்கிய விளக்கத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. "கொழும்புக்குக் கார்ல போனா ஒரு பகல் போயிருதுங்க. பிளேன்ல முக்கா மணி. தொரமாரு, டாக்டர்மாரு, யாவாரிங்க எல்லாம் வருவாங்க. மூணு பேரு சேந்தா ஆளுக்கு முப்பது ரூவா" என்று பொழிந்து தள்ளினேன். நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலுக்கு அப்பால் ஒரு நீளமான புல்தரை உண்டு. பிளேன் இறங்க அது போதும் என்று கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பறக்கலன்னா?" பறக்காத மணிக்கும் காசுதான் என்றேன். ஆனால் பறக்காமல் எப்படி இருக்கும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னேன். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ராமையாவின் கை நின்றுவிட்டது. முதலாளி காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும். எந்த எடத்துல கையெழுத்துப் போடணும்?"

வெறும் பிளேன்

முதல் வாடிக்கைக்காரர் ஹட்டனில் கணக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து வாத்தியார். ஊரில் தங்கைக்குக் கல்யாணம். கூடவே போக இன்னொரு வாத்தியாரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது. ஏனென்றால் பைலட் மாத்தயா, அதாவது சிங்களத்தில் பைலட் ஐயா, முதன்முதலில் வந்து இறங்கியபோதே ஒரு குண்டைப் போட்டிருந்தார். நுவரெலியா ஆறாயிரம் அடி உயரமாம், காற்று மெலிதாம், கொழும்பில் மூன்று பேரைத் தூக்குகிற பிளேன் இங்கே இரண்டு பேரைத்தான் தூக்குமாம். இதை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு மணி நேரம், ஆகவே இருநூற்று நாற்பது ரூபாய், ஆளுக்கு நூற்றிருபது என்று வாத்தியார் வரும்போதே மனதில் போட்டு வைத்திருந்தார். நான் கணக்குப் போட்ட பேப்பரை நீட்டினேன். பிளேன் இருக்கும் இடம் கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானை. அங்கிருந்து நுவரெலியாவுக்கு வெறுமனே வர முக்கால் மணி. இவர்களை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டு மறுபடி ரத்மலானைக்கு வெறுமனே போக இரண்டேகால் மணி. ஆக மொத்தம் ஐந்து மணி, அறுநூறு ரூபாய். வாத்தியார் பேப்பரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நான் ஏறாத தூரத்துக்கு நான் ஏன் காசு தரவேணும்?" என்றார். வாடகைக் காருக்கும் திரும்பிப் போகும் காசு உண்டே என்றேன். "கார் திரும்பிப் போகேக்க ரோட்டில ஆராவது கைகாட்டி ஏறுவான். ஆகாயத்தில ஆர் கைகாட்டுறது?" என்றார்.

நான் பேப்பரை மடித்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராமையா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வாத்தியார்களும் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேசன் பக்கம் நடந்தார்கள். படியிறங்கும்போது கணக்கு வாத்தியார் திரும்பிச் சொன்னது இது: "ரயில் எங்கயிருந்து வெறுமையா வந்தது எண்டு சொல்லி ஒரு ஸ்டேசன் மாஸ்டரும் இதுவரைக்கும் என்னட்டக் காசு கேட்டதில்லை."

தராசு

தூரப் பயணம் விற்காது என்று தெரிந்ததும் கிட்டப் பயணம் விற்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பிளேனை வரவழைத்து, தோட்டங்களுக்கு மேலே பத்து நிமிஷம் ஒரு சுற்று. ஆளுக்குப் பதினைந்து ரூபாய். பத்து நிமிஷம் பறக்க இருபது ரூபாய்தான் ஆகும், இரண்டு பேர் ஏறினால் முப்பது வருகிறதே என்று கேட்பீர்கள். ரத்மலானையிலிருந்து வெறுமனே வந்து வெறுமனே போகும் ஒன்றரை மணியை மிஞ்சுகிற அந்தப் பத்துப் பத்து ரூபாயில்தான் தேற்ற வேண்டும். பதினெட்டு சோடி ஏறினால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பிழைக்கும். அதில் பாதி கூட ஏறியதில்லை.

ஏறுகிறவர்களை நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும் என்பது பைலட் மாத்தயாவின் கண்டிப்பு. மனிதரை நிறுக்கும் தராசுக்கு எங்கே போவது? என் பழைய தோட்டத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசை இரவல் வாங்கி வந்தேன். மூன்று கம்பை முக்காலியாக நட்டு, தராசைத் தொங்கவிட்டு, கீழே சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டினோம். கோட்டுப் போட்ட கடை முதலாளிமார்கள் அதில் கால் தொங்க உட்கார்ந்து, ஊர் பார்க்க ஆடினார்கள். தங்கள் எடை எத்தனை ராத்தல் என்பதை உரக்கச் சொல்லாதே என்று என்னிடம் கெஞ்சினார்கள்.

ஒருநாள் அதே தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் பாக்கியம் வந்தாள். வருஷக்கணக்காக அவள் கொழுந்தை நிறுத்தவன் நான். தோட்டத்தில் ஒவ்வொரு நிறுவைக்கும் கூடைக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு மூன்று ராத்தலைக் கழித்துத்தான் எழுதச் சொல்வார்கள். நானும் மறுபேச்சுப் பேசாமல் எழுதியவன்தான். பாக்கியம் சாக்கில் ஏறி உட்கார்ந்தாள். நான் முள்ளைப் பார்த்துத் தொண்ணூற்றாறு என்றேன். அவள் இறங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "இத்தன வருசமா கொழுந்துக்குக் கழிச்சீங்க. இன்னிக்கி ஆளுக்குக் கொஞ்சம் கழிச்சா என்னாங்க?"

பத்துப் பேருக்கு ஒருத்தி

பாக்கியத்துக்கு ஏது பதினைந்து ரூபாய் என்று கேட்கிறீர்களா? அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பத்துப் பெண்கள் ஆளுக்கு ஒன்றரை ரூபாய் போட்டிருந்தார்கள். பெயரை எழுதிப் பால் டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்ததில் பாக்கியம் பெயர் வந்தது. மற்ற ஒன்பது பேருக்கும் சேர்த்து அவள் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பிளேனைப் பங்கு போடுவது எப்படி என்று கொழும்புக் கம்பெனிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தப் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு கந்தப்பளையிலிருந்து நடந்தே வந்து புல்தரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிளேன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பேதுருதாலகால மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது. பத்து நிமிஷம் முடிந்து பிளேன் அதற்குள்ளிருந்துதான் வெளியே வந்தது. மேலே வெள்ளையைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை என்று பைலட் மாத்தயா என் காதில் சொன்னார். இன்னொரு சுற்று விட இருபது ரூபாய் வேண்டும். அன்றைய வசூலோ ஏற்கெனவே பள்ளத்தில் கிடந்தது. காசைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் பையைத் தடவிக்கொண்டு நின்றேன். நின்றேன் என்பதைத்தான் கவனியுங்கள், கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

அதற்குள் ஒன்பது பேரும் பாக்கியத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நம் லயத்துத் தகரம் பளபளவென்று தெரிந்ததாம். ராக்கம்மா வீட்டு வாசலில் கோழி மேய்ந்ததாம். தொரை பங்களா தீப்பெட்டி அளவுக்கு இருந்ததாம். "என் வீட்டுக் கோழியா?" என்று ராக்கம்மா சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். அவர்கள் கலகலவென்று கிளம்பிப் போகும்போது நான் பாக்கியத்தை நிறுத்தி, "ஒண்ணும் தெரியலன்னு மாத்தயா சொன்னாரே" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "பத்துப் பேரு மனசு ஏங்க நோகணும்? நீங்களும் பொழைக்க வந்தவருதானே."

மேலே வந்து போனது

பட்டிப்பொல ஸ்டேசனில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா, கொழும்புக்குப் போக இடம் எடுத்திருந்தார். பிளேன் வந்தது. சத்தம் மேலே கேட்டது. மூட்டத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்க முடியாமல் ரத்மலானைக்கே திரும்பிப் போய்விட்டது. கம்பெனிக் கணக்குப்படி எஞ்சின் ஓடினால் மணி ஓடும். பாதிக் காசையாவது தரச் சொல்லி நான் அவரிடம் கேட்டேன். ஆம், கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, வண்டி வரலன்னா நாங்க டிக்கெட் காசத் திருப்பிக் குடுப்போம். நீங்க சத்தத்துக்கே டிக்கெட் போடுறீங்க."

சாவு வீட்டு வழக்கம்

சங்கிலிமுத்து முதலாளியின் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. சாவு வீட்டுக்குப் போகும் காருக்குக் காத்திருப்புக் காசு வாங்குவதில்லை. வெறும் வண்டிக் காசும் கிடையாது. ஏறிய தூரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஹட்டனில் எந்த வாடகைக் கார்க்காரரும் இதைச் செய்ததில்லை. அதனாலேயே எங்கள் கடையைத் தேடி நோர்வூட்டிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது மலையில் வேலை மேற்பார்க்கும் உத்தியோகத்தராக, இருந்த யாழ்ப்பாணத்தவர் ஒரு காலையில் தந்தியோடு வந்து நின்றார். தாய் இறந்துவிட்டார். தொரை இரண்டே நாள் லீவு கொடுத்திருந்தார். ரயிலில் போனால் நெருப்பு வைத்த பிறகுதான் போய்ச் சேருவார். பிளேனை வரவழைத்து அனுப்பினோம். அவரைத் திரும்ப அழைத்து வர அது அங்கேயே ஒருநாள் காத்து நின்றது. பிளேன் காத்து நின்றால் கம்பெனி சும்மா இருக்காது. ஒருநாள் நின்றால் மூன்று மணி பறந்ததற்கான காசு. அது எங்கள் பன்னிரண்டு மணியிலும் சேராது. இதை முதலாளிக்கு நான் எடுத்துச் சொன்னேன். "அம்மா செத்த மனுசன்கிட்ட காத்துக்கிட்டு இருந்ததுக்கு காசு கேக்குறதா? காருக்கு ஒரு வழக்கம், பிளேனுக்கு ஒரு வழக்கமா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மேசைக்குள் போய்விட்டேன்.

கண்டாக்கு ஐயா திரும்பி வந்து முழுக் காசையும் எடுத்து வைத்தார். முதலாளி அதில் போக வரப் பறந்த தூரத்துக்கு மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தள்ளினார். கார் ஏற அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அந்த மீதியை என் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். கடைக்குள்ளிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். மொட்டை போட்ட தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் கேட்டார்: "உம்மட முதலாளிக்கு மனம் பெரிசு, சரி. கணக்குப் பாக்கிற நீராவது வாங்கி வைக்கலாமே, காணும்?"

கருவாடு

செய்தி மலையெல்லாம் பரவியது. சாவென்றால் சங்கிலிமுத்து கடைப் பிளேனில் காத்திருப்புக் காசு இல்லை. அடுத்த வாரமே பொகவந்தலாவையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், திருகோணமலையில் பெரியப்பா காலமாகிவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். போனார். பிளேன் ஒருநாள் நின்றது. கம்பெனி மூன்று மணிக்குக் காசு எழுதியது. மறுநாள் பின்னேரம் நுவரெலியாவில் இறங்கியவரின் மூக்கும் நெற்றியும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. கையில் ஓர் ஓலைப் பெட்டி. அதை ராமையா காருக்குள் வைத்ததுதான் தாமதம், தலவாக்கலை வரும் வரை நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் வந்தோம். குளிரில் எனக்குப் பல் கிட்டியது. கடைக்கு வந்ததும், பெட்டியில் என்ன என்று முதலாளி கேட்டார். கருவாடு என்றார். பெரியப்பாவை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டார். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை: "சாவு வீட்டுல சும்மா ஒக்காந்திருக்க முடியலீங்க. ஒரு எட்டு கடல பாத்துட்டு வந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். முதலாளியும் சிரித்தார். ராமையா மட்டும் சிரிக்கவில்லை. காரின் பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்து, வாசம் போகும் வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சீட்டு எத்தனை நாளைக்கு எங்களுடையது என்று அவன் கணக்குப் போட்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மொத்தம்

ஆறாம் மாதம் வந்தது. மாதம் பன்னிரண்டு மணியில் நாங்கள் பாதியைத் தாண்டிய மாதம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மழை இல்லாத மாதம். விற்காத மணி, இறங்க முடியாமல் திரும்பிய மணி, காத்து நின்ற நாள் எல்லாவற்றையும் கூட்டினேன். ஒருமுறை மேலிருந்து கீழே, ஒருமுறை கீழிருந்து மேலே. எப்படிக் கூட்டினாலும் காரின் விலைதான் வந்தது.

கணக்குப் பேப்பரோடு முதலாளியின் வீட்டு வாசலுக்குப் போனேன். ஏதாவது ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தால் என் முகம் கொஞ்சம் தப்பும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. "சாவு வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் ஒழுங்கா வாங்கியிருந்தா கார தப்ப வச்சிருக்கலாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். பறக்காமல் எப்படி இருக்கும் என்று சிரித்த அதே வாய். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்று இதை எழுதவே மாட்டேன். வீட்டுக்குள் திரும்பி, கிளாக்கருக்கும் ஒரு தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு சொன்னார்: "அப்ப காரு இருக்கும் தம்பி. ஆனா எந்தச் சாவு வீட்டுலயும் என்னைய உள்ள வாங்கன்னு கூப்புட மாட்டாங்க."

கடைசி முக்கால் மணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுபோய் ரத்மலானையில் கம்பெனிக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமைதான் பிளேன் எங்களுக்காகக் கடைசித் தடவை வந்தது. மதியத்துக்கு மேல் அது எப்படியும் வெறுமனே திரும்பிப் போகும். அந்த முக்கால் மணிக்கும் எங்கள் கணக்கில்தான் காசு. "வெறுமனே போற வண்டிதானே, காசும் கட்டியாச்சு. நீங்க அதுல போயி பேப்பருங்கள ரெடி பண்ணி வைங்க. ராமையா கார கொண்டாரட்டும்" என்றார் முதலாளி. நானும் காரிலேயே போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "எத்தன பேர ஏத்தி விட்டீங்க, நீங்க ஒரு நாளாவது ஏறுனீங்களா? போங்க" என்று அவரே என் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டார். ராமையா மதியமே காரோடு ஹட்டனிலிருந்து கிளம்பியிருந்தான், நானும் முதலாளியும் நுவரெலியாவுக்கு பஸ்ஸில் வந்திருந்தோம்.

அன்று மூட்டமே இல்லை. ஆறு மாதமாக நாங்கள் வேண்டாத சாமியில்லை. அத்தனை சாமியும் சேர்ந்து அன்றைக்குத்தான் வானத்தைத் துடைத்து வைத்திருந்தன. தேயிலை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின. லயங்கள் தெரிந்தன, ஆறு தெரிந்தது, காட்டுக்குள் ரோடு வளைந்து வளைந்து போவது தெரிந்தது. எதற்காகப் போகிறேன் என்பதை மறந்துவிட்டேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, பைலட் மாத்தயாவிடம் அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்கியபோது இன்னும் கொஞ்ச நேரம் போயிருக்கலாமே என்று கூட இருந்தது.

பேப்பர்களில் கையெழுத்துப் போட்டு முடித்து வாசலில் காத்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் கார் வந்தது. ராமையா அதை வழியில் ஆற்றங்கரையில் நிறுத்திக் கழுவித் துடைத்திருந்தான். கல்யாணத்துக்குப் போகும் கார் மாதிரி மினுங்கியது. கம்பெனி ஆள் ஒருவர் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். ராமையா முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்தை நகத்தால் மெல்ல உரித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சாவியை என் கையில் கொடுத்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், வழியெல்லாம் எப்படி என்று கேட்டேன். அவன் முகத்தில் உண்மையிலேயே ஒரு சிரிப்பு வந்தது: "கித்துள்கல தாண்டுறப்ப மேல சத்தம் கேட்டுச்சுங்க. நம்ம கிளாக்கரய்யாதான் போறாருன்னு நிப்பாட்டி ரெண்டு தடவ ஹோன் அடிச்சேன். கேட்டுச்சுங்களா?"

மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கும் எதையும் அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை, வாடகைச் சைக்கிள் கடைப் பக்கம் கூட எட்டிப் பார்க்காமல் இன்றைக்கும் நடந்தே போய்விடுகிறேன்.